மூன்றாவது சிலிண்டரின் சத்தம்

கரியாஹாட் மேம்பாலத்தின் இறக்கத்தில் வசுமதி ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தாள். சத்தம் வந்தது.

மெல்லிய சத்தம்தான். உள்ளறையிலிருந்து யாரோ விரல் முட்டியால் கதவைத் தட்டுவது போல. காலை மறுபடி வைத்தாள். நின்றது. எடுத்தாள். வந்தது.

"கேட்டுதா?"

பக்கத்து இருக்கையில் நிதாய் கண்ணை மூடித் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். லேக் கார்டன்ஸ் ரயில் கேட்டுக்கு அருகே ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக். இருபது வருஷமாக இந்த வண்டியின் நாடி பிடித்தவர். அவள் அவரை 'நிதாய்தா' என்று கூப்பிடுவாள். இந்த ஊரில் அண்ணன்மார் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் 'தா' அது. அவருக்கு அவள் 'தீதி', அக்கா. பேச்சும் வங்காளியில்தான்.

"இஞ்சினுக்குள்ளேதான், தீதி," என்றார் கண்ணைத் திறக்காமல்.

"டைனமோவா இருக்கலாம்."

"இருக்கலாம். அதோ சைக்கிள்ல மீன் கொண்டு போறானே, அவன் பர்த்வான் மகாராஜாவா இருக்கலாம்."

அவள் சிரிக்கவில்லை. டைனமோவாக இருந்தால் தேவலை. சைலன்சரைத் தாங்கும் பட்டையாக இருந்தால் இன்னும் தேவலை. ஏன், ஒன்றாவது சிலிண்டராகவோ நாலாவது சிலிண்டராகவோ இருந்தால்கூட மனசு ஆறிவிடும். மூன்றாவதாக மட்டும் இருக்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணி. அம்மா போய் முப்பதாவது நாள்.

*

அம்மாவின் பெயர் வித்யாலக்ஷ்மி. தேசியமயமான வங்கி ஒன்றில் முப்பத்தேழு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பிறந்தது, படித்தது, குடித்தனம் நடத்தியது எல்லாம் கல்கத்தாவில். அவள் அப்பா வெங்கடநாராயணன் வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்றில் ஸ்டெனோ. ஐம்பத்தொன்றில் சீமைக்குத் திரும்பிய துரை ஒருவரிடமிருந்து 1938ஆம் வருஷத்து ஆஸ்டின் காரை வாங்கிப்போட்டார். ஓட்டத் தெரியாது. ஞாயிறுதோறும் டிரைவர் வந்து குடும்பத்தை ஏற்றி லேக்கைச் சுற்றி வருவான். அவ்வளவுதான் அந்தக் காருக்கு வேலை.

வித்யாலக்ஷ்மி வேலைக்குச் சேர்ந்த வருஷம் ஓட்டக் கற்றுக்கொண்டாள். கல்யாணத்துக்குப் பிறகு கணவர் சிவராமகிருஷ்ணன் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வாய்க்குள் ஸ்லோகம் சொல்லிக்கொண்டே வருவார். துறைமுகத்தில் வேலை. கப்பலுக்குப் பயப்படாத மனுஷன் இந்தக் காருக்குப் பயந்தார். வசு பொறியியல் முதல் வருஷம் படிக்கும்போது அவர் தவறிப்போனார்.

அடுத்த மாசம் வண்டி கிளம்பவில்லை. ஒர்க்‌ஷாப்பில் ஒருத்தன், "ஆத்துல ஆம்பளை யாராவது இருந்தா வரச்சொல்லுங்கோ" என்பதை வங்காளியில் சொன்னான். அம்மா வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேஜைமேல் பழைய வேட்டியை விரித்துக் கார்புரேட்டரைப் பிரித்துப் பரப்பினாள். ஐந்து நாள் அம்மாவும் பெண்ணும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஆறாம் நாள் பூட்டியபோது ஒரு ஸ்பிரிங் மிஞ்சியது. வண்டி ஓடியது. அந்த ஸ்பிரிங் இன்றும் சுவாமி அலமாரியில் விபூதிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அதற்குப் பிறகு வண்டி வேலை எதையும் அம்மா கையைவிட்டுக் கொடுக்கவில்லை. நட்டுகள் பெருங்காய டப்பாவில். வாஷர்கள் ஊறுகாய் ஜாடியில். பழைய எண்ணெயை வடிக்க வெள்ளைப் பீங்கான் பூச்சுத் தட்டு. அதில்தான் துகள் பளிச்சென்று தெரியும் என்பாள். பெரிய வேலைக்கு மட்டும் நிதாய். அவளை 'மாஷிமா', அதாவது பெரியம்மா, என்று கூப்பிடும் அவரும் அவள் சொன்னபடிதான்.

ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தாள். வங்கியிலிருந்து கொண்டுவந்தது. பணப் பெட்டகத்துக்கு அங்கே இரண்டு சாவி. ஒன்று ஒருத்தரிடம், மற்றது இன்னொருத்தரிடம். தனியாக யாராலும் திறக்க முடியாது, மூடவும் முடியாது. இஞ்சினுக்குள்ளே போகும் எந்த நட்டுக்கும் அதே கணக்கு என்றாள். ஒருத்தர் ஸ்பேனரால் இறுக்க வேண்டும். அடுத்தவர் இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சை வைத்து, 'டிக்' என்று சத்தம் வரும்வரை இழுத்து, அது சரியான இறுக்கம் என்று பார்த்து, நட்டுக்கும் போல்ட்டுக்கும் குறுக்கே நெயில் பாலிஷால் ஒரு கோடு போட வேண்டும். நட்டு பின்னால் அசைந்தால் கோடு முறியும். தெரிந்துவிடும்.

நெயில் பாலிஷ் கருஞ்சிவப்பு. அவள் அதை ஒருநாளும் தன் நகத்தில் போட்டுக்கொண்டதில்லை. நகத்தில் எப்போதும் கிரீஸ்தான் இருக்கும்.

"கோடு போடறவ கண்ணால பாத்துட்டுப் போடக் கூடாதுடி. கையால பாத்துட்டுப் போடணும்," என்பாள்.

வசுமதிக்கு நாற்பத்திரண்டு வயது. சாந்த்ராகாச்சி ரயில் யார்டில் எஞ்சினியர். வேகன்களின் சக்கரத்தில், அச்சில், தேய்மானம் பார்ப்பதுதான் வேலை. ஒரு நாளைக்கு நூறு இடத்தில் கையெழுத்துப் போடுகிறவள். அம்மாவின் நெயில் பாலிஷ் சட்டம் அவளுக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் பதினைந்தாம் தேதிவரை.

*

அன்றைக்கு விடுமுறை. ஒரு வருஷமாகப் பிரித்துப் போட்டிருந்த இஞ்சினை அம்மாவும் அவளும் பூட்டி முடித்துக்கொண்டிருந்தார்கள். நாலு சிலிண்டர். நாலு கனெக்டிங் ராட். ஒவ்வொரு ராடின் அடிப்பக்கமும் ஒயிட் மெட்டல் என்ற மெத்தென்ற ஈயக் கலவை பூசிய வளையமாகக் கிராங்க் என்ற சுழல் தண்டைக் கவ்விக்கொள்ளும். அந்த வளையத்தின் கீழ்ப்பாதி ஒரு மூடி. மூடிக்கு இரண்டு நட்டு. ஆக எட்டு.

அம்மாவுக்கு வலது தோள் இறுகிப்போயிருந்தது. ஸ்பேனரால் முடிந்தவரை இறுக்கினாள். மீதி இறுக்கம் வசு இழுக்கும் 'டிக்'கில்தான் வர வேண்டும்.

ஒன்றாவது ராட். டிக், டிக். இரண்டாவது. டிக், டிக். மூன்றாவதற்கு ரெஞ்சைத் தூக்கியபோது போன். யார்டில் இரண்டு வேகன் தடம் இறங்கிவிட்டது. வெளியே போய் நாலு நிமிஷம் பேசினாள். திரும்பி வந்தாள். நாலாவதில் டிக், டிக். நட்டுகளைப் பூட்டும் தகட்டு வாஷர்களை மடித்தாள். எட்டிலும் கோடு போட்டாள். கையைத் துடைத்துக்கொண்டு டாக்ஸி பிடித்தாள்.

ஆற்றுப் பாலத்தின் நடுவில் டாக்ஸி நின்றிருந்தபோது மனசு தானாக எண்ணத் தொடங்கியது. ஒன்று, டிக் டிக். இரண்டு, டிக் டிக். நாலு, டிக் டிக்.

மூன்று?

எத்தனை முறை எண்ணினாலும் மூன்றில் சத்தம் இல்லை.

உடனே போன் பண்ணினாள். அம்மா எடுத்த எடுப்பில், "சம்ப் மாட்டியாச்சுடி. நானும் நிதாயுமா. கார்க் கேஸ்கெட் அழகா உக்காந்துடுத்து. உன் பாயசம் ஃப்ரிட்ஜ்ல இருக்கு," என்றாள். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். சம்ப் என்பது இஞ்சினின் எண்ணெய்த் தொட்டி. அதைத் திரும்ப இறக்க வேண்டுமானால் எண்ணெயை வடித்து, கேஸ்கெட்டைக் கிழித்து, ஒரு முழு நாள் வேலை.

"சரிம்மா," என்று வைத்துவிட்டாள்.

அவ்வளவுதான் அவள் செய்தது. பாட்டியாலாவிலிருந்து வந்த வேகனென்றால் அப்படி விட்டிருக்க மாட்டாள். அம்மா இறுக்கியது என்பதால் விட்டாள். யோசித்தது என்று சொன்னால், அது ஒன்றுதான் யோசித்தது.

புது இஞ்சினை முதல் அறுநூறு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டிப் பழக்க வேண்டும். அம்மா அதற்குத் தேர்ந்தெடுத்த பாதை லேக் கார்டன்ஸ் வீட்டிலிருந்து சாந்த்ராகாச்சியில் வசு குடியிருக்கும் ரயில்வே குவார்ட்டர்ஸ்வரை. போக வர முப்பது. இருபது தடவை போனால் கணக்குச் சரி. பல நாள் வசு யார்டில் இருப்பாள். சாயங்காலம் குவார்ட்டர்ஸுக்கு வந்தால் பக்கத்து வீட்டு விஜயா சொல்வாள்: "உங்கம்மா வந்தா. பானட்டைத் திறந்தா, எண்ணெய் பாத்தா, வாசல் கடையில நின்னுண்டே சாயா குடிச்சா, போயிட்டா."

"இருக்கச் சொல்லக் கூடாதா?"

"சொன்னேனே. இஞ்சின் ஆறிடும்னுட்டா."

ஒவ்வொரு தடவையும் வசுவுக்கு அந்த மூன்றாவது ராட் நினைவுக்கு வரும். ஒவ்வொரு தடவையும், வண்டி ஒழுங்காக வந்து போகிறதே என்று ஒரு சமாதானம். அக்டோபர் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை வாட்ஸ்அப்பில் அம்மாவின் குரல் வந்தது.

"வசு, வண்டில ஒரு சத்தம் கேக்கறது. அவசரமில்ல. ஞாயித்துக்கிழமை வா. சம்பை நீயே கழட்டு. உருளைக்கிழங்கு ரோஸ்ட் பண்றேன்."

பதினோரு வினாடி.

சனிக்கிழமை காலை பால் வாங்கக் கதவைத் திறந்தவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். இதயம் என்றார் டாக்டர். ஞாயிற்றுக்கிழமை வசு வந்திருந்தாள். வேறு காரியத்துக்கு.

*

வண்டி கராஜுக்குள் நுழைந்தபோது எதிர்வீட்டு பிரியம்வதா கேட்டருகே நின்றிருந்தாள். அவள் மகள் தாராவுக்கு வெள்ளிக்கிழமை கல்யாணம். சனிக்கிழமை காலை மாப்பிள்ளையோடு சிப்பூருக்குக் கிளம்ப வேண்டும். தாராவுக்கு ஐந்து வயசாக இருந்தபோது, உன்னை மாமியார் வீட்டில் நான்தான் கொண்டுபோய் விடுவேன் என்று அம்மா வாக்குக் கொடுத்திருந்தாள். அந்த வாக்குக்காகத்தான் ஒரு வருஷமாக இஞ்சின் வேலையே.

"எப்படி ஓடுது?" என்றாள் பிரியம்வதா.

"பாத்துண்டு இருக்கேன், காகிமா," என்றாள் வசு. 'காகிமா' என்றால் சித்தி.

"என் மச்சினர் சாவு வீட்டு வண்டி எதுக்குன்னு முணுமுணுத்தார். காருக்கு ஏது தீட்டு, அது குளிக்காத நாளே கிடையாது, உங்களை மாதிரியா அப்படின்னேன். நீ அதெல்லாம் காதுல வாங்காதே. ஆனா கஷ்டம்னா இப்பவே சொல்லிடு. வாடகைக் கார் எடுத்துக்கறோம்."

"சாயங்காலம் சொல்றேன்."

பிரியம்வதா உள்ளே போனாள்.

இஞ்சின் சூடாக இருந்தது. நிறுத்தாமல் வைத்தார்கள். நிதாய் ஆக்ஸிலேட்டர் கம்பியை விரலால் இழுத்துவிட்டு இழுத்துவிட்டுச் சத்தம் வரும் வேகத்தைப் பிடித்தார். வசு மரப்பிடி ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். ஒரு ஸ்பார்க் பிளக்கின் தலையைத் தொட்டு அதன் மின்சாரத்தை இஞ்சின் உடம்புக்குத் திருப்பிவிட்டால் அந்தச் சிலிண்டர் வேலை செய்யாது. அதன் ராட் வளையம் தட்டுகிறதென்றால் சத்தம் அடங்கிப்போகும்.

ஒன்று. இஞ்சின் திணறியது. சத்தம் இருந்தது.

நாலு. இருந்தது.

இரண்டு. இருந்தது.

மூன்றைத் தொடாமல் நின்றாள்.

"தீதி, பெட்ரோல் எரியுது," என்றார் நிதாய்.

தொட்டாள். இஞ்சின் திணறியது. தட்டல் நின்றது. எடுத்தாள். தட்டியது. மறுபடி தொட்டாள். நின்றது.

சாவியைத் திருப்பி அணைத்தாள். கராஜில் அமைதி. எதிர்வீட்டில் பந்தல்காரர்கள் மூங்கில் இறக்கும் ஓசை மட்டும் கேட்டது.

எண்ணெயை வெள்ளைத் தட்டில் வடித்தாள். சூடு விரலைச் சுட்டது. தட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தாள். அடியில் மீன் செதிலை இடித்தது போல வெள்ளிப் பொடி மினுங்கியது. காந்தத்தை உள்ளே விட்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். ஒன்றும் ஒட்டவில்லை. இரும்பில்லை. காந்தத்தில் ஒட்டாத வெள்ளிப் பொடி இந்த இஞ்சினில் ஒன்றே ஒன்றிலிருந்துதான் வரும்: ராட் வளையத்தின் ஒயிட் மெட்டல்.

அவள் தேய்த்தது. அவள் கோடு போட்டுத் தேய்த்தது.

"சம்பை இறக்கலாம்," என்றாள்.

நிதாய் தலையைச் சொறிந்தார். "சா குடிச்சுட்டு இறக்கலாமா? நான் போய் வாங்கிட்டு வரேன்."

"அப்புறம் குடிக்கலாம்."

"நானே இறக்கிப் பாத்துச் சொல்றேன். நீங்க மேலே போய்க் கொஞ்சம் படுங்க. முகமே சரியில்ல."

"நான்தான் கழட்டணும், நிதாய்தா. அம்மா சொல்லியிருக்கா."

அவர் ஜாக்கை எடுத்தார்.

*

அவள் பலகைமேல் படுத்துக்கொண்டு வண்டிக்கடியில் நுழைந்தாள். சம்பின் போல்ட்டுகள் எதிர்பார்த்ததைவிட எளிதாக வந்தன. தொட்டி இறங்கியது. கேஸ்கெட்டைப் பார்த்தாள். புத்தம் புதுசு. ஆகஸ்டில் போட்டது இதற்குள் கறுத்திருக்க வேண்டாமோ? அந்தக் கேள்வி மனசில் ஓடி மறைந்தது. விளக்கைத் திருப்பினாள்.

ஒன்றாவது மூடி. இரண்டு கருஞ்சிவப்புக் கோடு. முறியவில்லை.

இரண்டாவது. முறியவில்லை.

நாலாவது. முறியவில்லை.

கடைசியாக மூன்றாவதுக்கு விளக்கைக் கொண்டுபோனாள்.

கோடு இருந்தது. முறியாமல் இருந்தது. ஆனால் கருஞ்சிவப்பு இல்லை. ரோஸ். சின்னப் பெண்கள் போட்டுக்கொள்ளும் மினுமினுத்த ரோஸ். அதற்கடியில் பழைய கருஞ்சிவப்பின் இரண்டு துண்டுகள் தெரிந்தன. ஒன்று நட்டில், ஒன்று போல்ட்டில். இரண்டுக்கும் நடுவே கால் சுற்றுக்கும் மேல் இடைவெளி. அத்தனை தூரம் யாரோ நட்டை இறுக்கியிருக்கிறார்கள். பூட்டுத் தகடும் புதுசு.

கருஞ்சிவப்புப் பாட்டில் வசுவின் கைப்பையில் இருக்கிறது. ஆகஸ்ட் பதினைந்து அன்று அவசரத்தில் அதையும் போட்டுக்கொண்டு போய்விட்டாள். திருப்பித் தரவே இல்லை. அம்மா கேட்கவும் இல்லை.

வண்டிக்கடியிலிருந்தே கூப்பிட்டாள். "நிதாய்தா."

அவர் செருப்பு மட்டும் தெரிந்தது. ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி நின்றது.

"எப்போ?"

"காளி பூஜைக்கு முந்தின வாரம்," என்றார். "மாஷிமா ஒரு நாள் காலைல ஒர்க்‌ஷாப்புக்கே வந்துட்டாங்க. இஞ்சின் பேசுதுன்னாங்க. இங்கே வந்து சம்பை இறக்கினோம். மாஷிமா கண்ணாடியைப் பிடிச்சுப் பாத்தாங்க. எட்டு கோடும் சரியாத்தான் இருந்துது. நான் சொன்னேன், எல்லாம் சரி, மூடிடலாம்னு. அவங்க கேக்கல. ரெஞ்சை எடுத்து ஒவ்வொண்ணா வெச்சுப் பாக்கச் சொன்னாங்க. மூணாவதுல…"

"டிக் வரல."

"சுத்திச்சு. சுத்திக்கிட்டே போச்சு."

செருப்பு மறுபடி கால் மாறியது.

"என்ன சொன்னா?"

"சிரிச்சாங்க தீதி. நிஜமா. 'ரெண்டாவது சாவிக்காரி பெட்டியைப் பாக்காமலே கையெழுத்துப் போட்டுட்டா'ன்னாங்க. நான் இழுத்தேன், அவங்க கோடு போட்டாங்க. நெயில் பாலிஷ் கரியாஹாட் ஃபுட்பாத்துல வாங்கினது. கடைக்காரி இதுதான் இப்ப ஃபேஷன்னு தலைல கட்டிட்டாளாம்."

வசு நட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ படுத்தாளா? இங்கே, அடியில? தோளோட?"

"இல்லை, இல்லை. நான் படுத்தேன். அவங்க அந்த மோடாவுல உக்காந்திருந்தாங்க."

மூலையில் பிரம்பு மோடா இருந்தது. அதன்மேல் தூசி. மோடாவில் உட்கார்ந்தபடி கோடு போட முடியுமா? அவர் சொல்வது நிஜமா என்று தெரிந்துகொள்ள அவளிடம் கருவி எதுவும் இல்லை. சம்பை இறக்கியது காளி பூஜைக்கு முன்னால். அம்மா விழுந்தது அதற்கு இரண்டு வாரத்துக்குப் பிறகு. இரண்டையும் சேர்த்து ஒரு கோடு போடலாம். போடாமலும் இருக்கலாம். டாக்டரிடம் கேட்டால் இல்லை என்பார். அவள் கேட்டாயிற்று. வேறு வேறு மாதிரி மூன்று தடவை.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நானும் கேட்டேன். சொல்லிட்டா இனிமே வண்டிக்கடியில வரவே மாட்டா, அவளே வந்து அவளே பாக்கட்டும்னாங்க. நான் முந்திக்கிட்டுச் சொன்னா தொலைச்சுடுவேன்னு என்னை மிரட்டிட்டாங்க. இப்ப அவங்க இல்லைன்னாலும்…" அவர் முடிக்கவில்லை.

'சம்பை நீயே கழட்டு.' வங்கியில் ஒரு வவுச்சர் தப்பாக வந்தால் அம்மா சத்தம் போட மாட்டாளாம். பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைத்து, போட்டவர் மேஜைக்கே திருப்பி அனுப்பிவிடுவாளாம். பிரிவுபசார விழாவில் யாரோ சொன்னார்கள்.

அவள் பூட்டுத் தகட்டை நிமிர்த்தினாள். ரோஸ் கோடு முறியாமல் மூடியைத் திறக்க முடியாது. அம்மா கடைசியாக வைத்த குறி. திறக்காவிட்டால் உள்ளே எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று தெரியாது. சனிக்கிழமை அதன்மேல் தாரா உட்கார்ந்து போவாள்.

ஸ்பேனரை மாட்டி இழுத்தாள். கோடு முறிந்தது. ஒரு துணுக்கு உதிர்ந்து அவள் கன்னத்தில் விழுந்தது.

மூடியைக் கழற்றி வெளியே கொண்டுவந்து வெயிலில் வைத்தாள். ஒயிட் மெட்டல் மங்கலாக, சீராக இருக்க வேண்டியது. ஒரு ஓரத்தில் கண்ணாடி போலப் பளபளத்தது. நடுவில் நகத்தால் கீறினாற்போல மூன்று வரி. ராடும் மூடியும் சேரும் முகத்தில் ஒன்றோடொன்று உரசிய தழும்பு. மூடி தளர்ந்து ஆடிய அடையாளம் அது. அளந்தாள். இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு இருக்க வேண்டும். ஏழு இருந்தது. பின்னால் இறுக்கியதில் ஆட்டம் நின்றிருக்கிறது. தேய்ந்தது தேய்ந்ததுதான்.

கிராங்கைத் தடவிப் பார்த்தாள். வழவழப்பு. மைக்ரோமீட்டரில் நாலு பக்கமும் ஒரே அளவு. அதுவரை போகவில்லை. அம்மா அதற்குள் பிடித்துவிட்டாள்.

"இந்த ராடை வெச்சு ஓட்ட முடியாது," என்றாள். "புதுசா மெட்டல் ஊத்தணும். வெள்ளிக்கிழமைக்குள்ள யார் ஊத்தித் தருவா?"

நிதாய் வெளியே போனார். கால் மணியில் திரும்பி வந்தார். கையில் ஒரு பொட்டலம். அம்மாவின் பழைய நீலக் கைத்தறிப் புடவையின் கிழிசல். பிரித்தாள். எண்ணெய் தடவிய ஒரு கனெக்டிங் ராட். புது மெட்டல் ஊற்றி, கடைந்து, வழித்து வைத்தது.

"மல்லிக் பஜார்ல ஆள் பிடிச்சு ஊத்த வெச்சாங்க. ஞாயித்துக்கிழமைக்குன்னு என்கிட்ட வெச்சிருந்தாங்க."

புடவைத் துண்டை உதறினாள். மடிப்புகளைப் பிரித்துப் பார்த்தாள். காகிதம் எதுவும் இல்லை.

அப்போதுதான் அழுதாள். நிதாய் கராஜ் கதவைப் பாதி சாத்திவிட்டு, வெளியே போய் பீடி பற்றவைத்துக்கொண்டார்.

*

சாயங்காலம் எதிர்வீட்டுக்குப் போனாள். தாரா கையில் மருதாணியோடு விரல்களை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிரியம்வதா சீர்வரிசைத் தட்டுகளுக்குக் கண்ணாடிக் காகிதம் சுற்றிக்கொண்டிருந்தாள். வசு எல்லாவற்றையும் சொன்னாள். போன் வந்தது, மூன்றாவது ராட், கோடு, 'சரிம்மா' என்று வைத்தது, ரோஸ் பாலிஷ். ரயில்வேயில் விபத்து அறிக்கை எழுதுவது போல நேர வரிசைப்படி சொன்னாள்.

"புது ராட் பூட்டப்போறேன். ஓட்டிப் பாக்க அஞ்சு நாள்தான். மெதுவா போனா ஒண்ணும் ஆகாது. ஆனா நான் அன்னிக்கும் எல்லாம் சரின்னு நெனச்சேன். தாரா, நீ முடிவு பண்ணு."

பிரியம்வதா காகிதத்தைச் சுற்றுவதை நிறுத்திவிட்டாள். தாரா மூக்கை முழங்கையால் தேய்த்தாள்.

"மாஷிமா எனக்குப் பத்தாம் வகுப்புல கணக்கு சொல்லிக் குடுத்தாங்க," என்றாள். "நான் விடையைப் பின்பக்கம் பாத்து எழுதினா கண்டுபிடிச்சுடுவாங்க. திட்டவே மாட்டாங்க. அடுத்த நாள் அதே கணக்கை மறுபடி குடுப்பாங்க. தீதி, நீ போய்ப் பூட்டு. இந்தத் தடவை பின்பக்கம் பாக்காதே."

செவ்வாய்க்கிழமை லீவு போட்டுப் பூட்டினாள். அவள் ஸ்பேனரால் இறுக்கினாள். டார்க் ரெஞ்சை நிதாயிடம் கொடுத்தாள்.

"எட்டும் பாருங்க. நான் போட்டதையும்தான்."

"ஒண்ணு, ரெண்டு, நாலு சரியாத்தானே இருந்துது?"

"நான் போட்ட கோடு அது. நீங்க பாருங்க."

அவர் இழுக்க இழுக்க அவள் சத்தத்தைக் காதால் வாங்கினாள். டிக். டிக். இரண்டாவது ராடின்போது போன் அடித்தது. யார்டு. திரையைப் பார்த்தாள். நிதாயும் அவளைப் பார்த்தார்.

"நிறுத்துங்க," என்றாள். சாக்குக்கட்டி எடுத்து, அவர் முடித்த நட்டுவரை மூடியில் வெள்ளைப் புள்ளி வைத்தாள். பிறகு வெளியே போய்ப் பேசினாள். ஒன்றுமில்லை, யாரோ லீவு கேட்டார்கள். திரும்பி வந்து முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னாள்.

"ஐயோ," என்றார் நிதாய். ஆரம்பித்தார். எட்டாவது டிக்குக்குப் பிறகு அவரிடம் ரோஸ் பாட்டிலைக் கொடுத்தாள். அவர் பெரிய விரலால் அந்தச் சின்னத் தூரிகையைப் பிடித்துக்கொண்டு படாத பாடுபட்டார்.

சனிக்கிழமை சங்கு ஊதினார்கள், குலவையிட்டார்கள். அந்த இரைச்சலில் இஞ்சினின் குரல் அவளுக்குக் கேட்கவே இல்லை. பின்னிருக்கையில் தாரா விம்மினாள். கூரை தாழ்வாக இருந்ததால் மாப்பிள்ளை நெட்டியில் செய்த தன் கல்யாணக் கிரீடத்தை மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டிருந்தான்.

பாலத்தின் உச்சி தாண்டி இறக்கம் வந்தது. காலை எடுத்தாள்.

காற்று. டயர். தாராவின் மூக்குறிஞ்சல்.

மறுபடி வைத்து, மறுபடி எடுத்தாள்.

"ஏதாவது பிரச்சனையா?" என்றான் மாப்பிள்ளை.

"இல்லை."

"அவங்க அப்படித்தான்," என்றாள் தாரா அழுகைக்கு நடுவே. "பேசாம வா."

சிப்பூரில் அவர்களை இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பினாள். வீட்டுக்குப் போக இடப்பக்கம். அவள் வலப்பக்கம் போனாள். சாந்த்ராகாச்சியில், குவார்ட்டர்ஸ் வாசலில் நிறுத்தினாள். இறங்கிப் பானட்டைத் திறந்தாள். எண்ணெய்க் கம்பியை உருவி வெள்ளைத் துணியில் துடைத்து வெயிலில் பிடித்தாள். பொன் நிறம். மினுக்கம் இல்லை. இல்லை என்றுதான் தோன்றியது. துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

சாயாக்கடைக்காரர் வண்டியைப் பார்த்துவிட்டுக் கேட்காமலே அரைக் குவளை கொண்டுவந்து மட்கார்டுமேல் வைத்தார். அவள் நின்றபடியே குடித்தாள். பிறகு நிதாய்க்குப் போன் போட்டாள்.

"நாளைக்கு எண்ணெயை வடிச்சுச் சம்பை இறக்கணும்."

"மறுபடியுமா? சத்தம் வந்துதா?"

"வரலை."

"பின்னே எதுக்கு?"

"நான் பாத்தாச்சு. நீங்க பாக்கணும்."